செண்டுப்பூவை 15 நாள் முன்னாடி விதைங்க

திண்டுக்கல்லில் இருந்து நத்தம் போற ரோட்டுல, சாணார்பட்டி பக்கம் பஸ்ல போனா ஜன்னல் வழியா பாருங்க. தக்காளித் தோட்டம் வரும். அதுல சில தோட்டத்துல வரப்போரமா நாலஞ்சு செண்டுப்பூச் செடியும் நிக்கும். "இது எதுக்குங்க?"ன்னு கேட்டா, "பூச்சிக்கு வெச்சது தம்பி"ன்னு சொல்வாங்க. "பூச்சி கொறைஞ்சுச்சாங்க?"ன்னு அடுத்த கேள்வி கேட்டா ஒரு சிரிப்பு வரும். "எங்க தம்பி.. எல்லாம் சொல்றாங்கன்னு வெச்சோம். மருந்துதான் அடிச்சுட்டு இருக்கோம்."

அந்தச் சிரிப்பைப் பத்திதான் இந்தக் கட்டுரை.

பி.காம் படிக்கிற பயலுக்கு பூச்சியப் பத்தி என்ன தெரியும்னு நீங்க கேக்கலாம். நியாயமான கேள்வி :) ஆனா இதுல பாதி பூச்சி விஷயம், மீதி பாதி கணக்கு விஷயம். கணக்குப் பகுதியையாவது என்னை நம்பி படிங்க.

எங்க பெரியப்பாகிட்ட ஒரு சின்ன டைரி இருக்கு. வரவு செலவு எல்லாம் அதுலதான். போன தக்காளிக்கு ஒரு ஏக்கருக்கு எழுதி வெச்சிருந்ததை லீவுல உக்காந்து கூட்டிப் பார்த்தேன். உழவு, நாத்து, நடவு, களை, உரம் எல்லாம் ஒவ்வொரு தடவை, ரெண்டு தடவைதான். மருந்து மட்டும் 11 தடவை வந்திருந்துச்சு. மருந்து பேர் கூட இல்ல, வெறும் "மருந்து"ன்னுதான் இருக்கு. "என்ன மருந்து பெரியப்பா?"ன்னு கேட்டேன். "கடையில குடுத்தாங்கடா, புழுவுக்கு"ன்னார். மருந்து அடிச்ச அன்னிக்கு ராத்திரி அவருக்குச் சோறு எறங்காது, தலைவலின்னு சீக்கிரம் படுத்துருவார். அந்தச் செலவு டைரியில எழுதல.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

தக்காளியில காய்க்குள்ள தலையை விட்டுட்டு உடம்பை வெளிய நீட்டிக்கிட்டு இருக்குமே, அந்தப் பச்சைக் காய்ப்புழுவை எல்லாரும் பார்த்திருப்பீங்க. அறிவியல் பேரு ஹெலிகோவெர்பா ஆர்மிஜெரா. ஒரு காயோட நிக்காது, ஒண்ணைக் கடிச்சுட்டு அடுத்ததுக்குப் போகும். பருத்தி, கொண்டைக்கடலை, துவரை, தக்காளி எல்லாத்தையும் தின்னும். 1987ல ஆந்திராவுல பருத்தியில இதே புழு அப்ப புதுசா வந்த பைரித்ராய்டு மருந்துக்கெல்லாம் அசையாம நின்னுச்சு. குண்டூர், பிரகாசம் மாவட்டங்கள்ல விவசாயிகள் கடன்ல மூழ்கினாங்க. அடிக்க அடிக்கச் சாகாத புழு மட்டும் மிஞ்சி குட்டி போடும், அதுக்கு மேல அடிக்கணும். இது வட்டிக்கு வட்டி மாதிரி.

இந்தப் புழுவோட தாய், ஒரு அந்துப்பூச்சி. ராத்திரியில பறக்கும். முட்டையை ஒண்ணு ஒண்ணா வைக்கும். எங்க வைக்கும்ங்கறதுதான் முக்கியம். மொட்டும் பூவுமா இருக்கிற செடியைத் தேடித்தான் வைக்கும். பூத்து நிக்கிற உயரமான செண்டுச் செடி பக்கத்துல இருந்தா, தக்காளியை விட அதைத்தான் அதுக்குப் பிடிக்கும். இந்தக் குணத்தை வெச்சுதான் பெங்களூரு பக்கத்துல ஹெசரகட்டாவுல இருக்கிற இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்துல சீனிவாசன் குழு வேலை செஞ்சு, 1994ல ஆராய்ச்சிக் கட்டுரையா வெளியிட்டாங்க. செண்டை தக்காளிக்குக் கவர்ச்சிப் பயிரா வைக்கிற முறை. நம்ம கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகமும் தக்காளிக்கு இதையே பரிந்துரை செய்யுது.

அந்தப் பரிந்துரையை கவனமா படிங்க. 16 வரிசை தக்காளிக்கு 1 வரிசை உயரமா வளர்ற செண்டு. ரெண்டையும் ஒரே நாள்ல நடணும். ஆனா தக்காளி நாத்து 25 நாள் வயசு, செண்டு நாத்து 40 நாள் வயசு.

அந்த 15 நாள் வித்தியாசத்துலதான் மொத்த விஷயமும் இருக்கு.

தக்காளி முதல் பூ எடுக்கும்போது செண்டு ஏற்கெனவே மொட்டு விட்டு நிக்கணும். அப்பதான் அந்துப்பூச்சிக்கு ரெண்டுல ஒண்ணைத் தேர்ந்தெடுக்க வழி உண்டு. ரெண்டையும் ஒரே நாள் விதைச்சு ஒரே நாள் நட்டா, தக்காளி பூக்கும்போது செண்டு வெறும் இலையா நிக்கும். பூச்சி நேரா தக்காளிக்குத்தான் போகும். தக்காளி பாதி பறிச்ச பிறகு செண்டு ஜம்முன்னு பூக்கும். பார்க்க அழகா இருக்கும், அவ்வளவுதான். நத்தம் ரோட்டுல நான் கேட்ட தோட்டத்துல எல்லாம் இதுதான் நடந்திருக்கு. "நாத்து எப்ப வாங்குனீங்க?"ன்னு கேட்டா, "ரெண்டும் ஒரே நாள், ஒரே நர்சரியில"ன்னாங்க. அதுவும் 16க்கு 1 வரிசைன்னு இல்ல, வரப்புல மிச்சம் இருந்த இடத்துல நாலு செடி. அப்புறம் "ஊடுபயிர் எல்லாம் வேலைக்கு ஆகாது தம்பி"ன்னு தீர்ப்பு வேற. ஊடுபயிர் வெச்சுத் தோத்தவங்க இல்ல இவங்க, இன்னும் ஊடுபயிரே வைக்காதவங்க.

இது செண்டுக்கு மட்டும் உள்ள விதி இல்ல. முட்டைக்கோஸுல வைரமுதுகு அந்துப்பூச்சிக்கு கடுகு வைக்கிற முறையும் அதே பெங்களூரு நிறுவனத்துல இருந்து வந்ததுதான். 25 வரிசை கோஸுக்கு ரெண்டு வரிசை கடுகு. முதல் வரிசையை கோஸ் நடுறதுக்கு 15 நாள் முன்னாடி விதைக்கணும், ரெண்டாவதை நட்டு 25 நாள் கழிச்சு. முதல் கடுகு முத்திப் போறப்ப ரெண்டாவது இளசா தயாரா இருக்கணும்ங்கறதுக்காக. இங்கயும் நாள் கணக்குதான் மருந்து.

இப்ப என் பாடத்துக்கு வர்றேன்.

விவசாயிகள் சொல்ற முதல் மறுப்பு, "தக்காளி போட வேண்டிய இடத்துல பூவா?" வாய்ப்புச் செலவுன்னு எங்க புத்தகத்துல வர்றதை அவங்க ஒரே வரியில சொல்லிடுறாங்க. சரி, கணக்கு போடுவோம். ஒரு ஏக்கர் 4047 சதுர மீட்டர். சதுரமா இருக்குன்னு வெச்சுக்கிட்டா ஒரு பக்கம் சுமார் 63.6 மீட்டர். வரிசைக்கு வரிசை 60 செ.மீ. விட்டா 106 வரிசை வரும். 16க்கு 1ன்னா 6 வரிசை செண்டு, 100 வரிசை தக்காளி. செடிக்குச் செடி 45 செ.மீ. விட்டா ஒரு வரிசையில 141 செடி, ஆக 846 செண்டு நாத்து. 98 குழி தட்டுல 9 தட்டு. அவ்வளவுதான் சார் முதலீடு!

நஷ்டம் எவ்வளவு? 106ல 6 வரிசை தக்காளி, ஏறக்குறைய 6 சதவீதம். உதாரணத்துக்கு, செண்டு இல்லாம புழுவால 20 சதவீதம் காய் வீணாகுதுன்னு வைங்க. 106 வரிசையில 84.8 வரிசை அளவு நல்ல காய் மிஞ்சும். செண்டு வெச்ச 100 வரிசையில அதே 84.8 கிடைக்கணும்னா, சேதம் 15.2 சதவீதத்துக்கு இறங்கினா போதும். அதாவது 100 காய்க்கு 20 சொத்தைங்கறது 15 ஆனாலே பிரேக் ஈவன். ஒரு பூ கூட விக்காம, ஒரு மருந்து கூடக் குறைக்காம. அதுக்கு மேல குறையுற ஒவ்வொரு சொத்தையும், அடிக்காம விட்ட ஒவ்வொரு டேங்க் மருந்தும் லாபம்.

நேர்மையா இன்னொரு பக்கமும் சொல்லணும். புழு கம்மியான பட்டத்துல, சேதம் 10 சதவீதம்தான்னா, அதை 4.6க்கு இறக்கினாத்தான் சரிக்குச் சரி வரும். அது கஷ்டம். அங்க பூ வருமானம்தான் கைகொடுக்கணும். இந்த விஷயத்துல நம்ம மாவட்டத்துக்கு அதிர்ஷ்டம் இருக்கு. பக்கத்துல திண்டுக்கல் பூ மார்க்கெட், இந்தப் பக்கம் நிலக்கோட்டை பூ மார்க்கெட். ஆயுத பூஜைக்கு செண்டு என்ன விலை போகும்னு உங்க அம்மாகிட்ட கேட்டுப் பாருங்க. சும்மா நாள்ல விலை இல்லாமலும் போகும், அதையும் ஒத்துக்கறேன்.

ஆனா தக்காளி விலையும் அப்படித்தானே? அய்யலூர் சந்தைக்குக் கொண்டு போன பெட்டிக்கு வண்டி வாடகை கூடத் தேறாத நாளும் உண்டு. 2023 ஜூலையில கிலோ 100 ரூபாயைத் தாண்டின தக்காளியும் உண்டு. எந்த விலை வரும்னு மருந்து அடிக்கிற அன்னிக்கு யாருக்கும் தெரியாது. விலை 5 ரூபாய் ஆனாலும் 50 ரூபாய் ஆனாலும் மருந்துக் கடைப் பாக்கி அதே பாக்கிதான். பெரியப்பாவோட டைரியில எனக்கு உறைச்சது இதுதான். வரவு ஆடிக்கிட்டே இருக்கு, அந்த 11 வரி மட்டும் அசையாம நிக்குது. அதைக் குறைக்கிற எதுவும் அவருக்கு இன்சூரன்ஸ் மாதிரி. 9 தட்டு நாத்துங்கறது அதுக்கான பிரீமியம்.

இதே மாதிரி ஒண்ணு கென்யாவுல நடந்திருக்கு. காய்கறி இல்ல, மக்காச்சோளம். தண்டுத் துளைப்பானுக்காக ஐசிபி ஆராய்ச்சி மையத்துல ஜெயாவுர் கான்ங்கற நம்ம நாட்டு விஞ்ஞானி, இங்கிலாந்தோட ராதம்ஸ்டெட் நிலையத்தோட சேர்ந்து 1990கள்ல ஒரு முறை கொண்டு வந்தார். சோளத்துக்கு இடையில டெஸ்மோடியம்னு ஒரு செடி, அது வாசனையால பூச்சியை விரட்டும். சுத்தி நேப்பியர் புல், அது பூச்சியை இழுக்கும். இதுல எனக்குப் பிடிச்சது என்னன்னா, ரெண்டுமே மாட்டுக்குத் தீவனம். பூச்சி வராத வருஷத்துலயும் மாடு சாப்பிடும் :) ஊடுபயிர்னா இப்படித்தான் இருக்கணும். பூச்சியை மட்டும் நம்பி இருக்கக் கூடாது, தனக்குன்னு ஒரு வருமானம் இருக்கணும். செண்டுக்கும் அது இருக்கு.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. இதை எனக்குச் சொன்னது எங்க அப்பத்தா. அந்தக் காலத்துல நிலக்கடலைக்கும் மிளகாய்க்கும் ஓரத்துல ஆமணக்கு போடுவாங்களாம். புரொடீனியாப் புழுவோட தாய், கூட்டமா முட்டையை ஆமணக்கு இலையில வைக்கும். "சாயங்காலம் மாட்டுக்குப் புல்லறுக்கப் போறப்ப, சல்லடையா இருக்குற இலையைக் கிள்ளி மண்ணுல போட்டு மிதிச்சுட்டு வருவோம்டா"ன்னு சொல்லுச்சு. அந்த இலையில நூத்துக்கணக்குல குஞ்சுப் புழு இருக்கும். இப்பவும் சில பேர் ஆமணக்கு போடுறாங்க, கிள்ள ஆள் இல்ல. கிள்ளலைன்னா அது பொறி இல்ல, புழுப் பண்ணை. எலிப்பொறி வெச்சா எலியை எடுக்கவும் ஆள் வேணும்ல? செண்டுலயும் பூவை நேரத்துக்குப் பறிக்கணும், புழு இருந்தா பொறுக்கணும். மருந்தே அடிச்சாலும் அந்த 6 வரிசைக்கு அடிச்சா போதும், 106க்கு வேண்டாம். இதெல்லாம் வேலைதான், கூலி ஆள் கிடைக்காத ஊர்ல பெரிய வேலைதான். பூ விக்கப் பறிக்கிற கை அப்படியே புழுவையும் பார்த்துடும்ங்கறது ஒரு ஆறுதல்.

இன்னொண்ணு, செண்டு சர்வரோக நிவாரணி இல்ல. 2014ல மகாராஷ்டிராவுல முதல்ல தெரிஞ்சு, நம்ம பக்கமும் வந்த டூட்டா ஊசிப்புழுவுக்கு இது பதில் இல்ல. வெள்ளை ஈ பரப்புற இலைச்சுருட்டை வைரஸுக்கும் இது பதில் இல்ல. அதுக்கு ஓரத்துல நெருக்கமா ரெண்டு வரிசை மக்காச்சோளம் வேலி மாதிரி போடச் சொல்றாங்க. அந்த மக்காச்சோளத்துக்கும் 2018ல படைப்புழு வந்து சேர்ந்துடுச்சு, அதையும் பார்த்துக்கணும். செண்டுலயே செம்பேன் வரும். 1991ல டேவிட் ஆண்டோங்கற அமெரிக்க ஆராய்ச்சியாளர், அதுவரை வந்த 209 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார். 287 பூச்சி வகையில 52 சதவீதம் கலப்புப் பயிர்ல குறைஞ்சிருக்கு, 15 சதவீதம் கூடியிருக்கு. மீதி எப்படியும் சொல்ல முடியாத நிலை. அதனால "கலந்து போடு, இயற்கை பார்த்துக்கும்"ங்கற வசனத்தை நான் நம்பல. எந்தப் பூச்சிக்கு எந்தப் பயிர், எந்த வயசுல, எத்தனை வரிசைங்கறது சரியா இருந்தாத்தான் அந்த 52ல நாம இருப்போம். இல்லைன்னா 15ல.

இவ்வளவு தெளிவா இருக்கிற விஷயம் ஏன் தோட்டத்துக்கு வரல? விவசாயிக்கு அறிவில்லைன்னு சொல்றவங்க மேல எனக்குக் கோபம் வரும். காரணம் ரொம்ப சிம்பிள். மருந்து கடன்ல கிடைக்குது, இன்னிக்கே கிடைக்குது, அறிவுரையோட சேர்ந்து கிடைக்குது. புழுவைப் பார்த்த அன்னிக்கு கடைக்குப் போனா டப்பாவைக் கையில குடுத்து, "காய் வித்து குடுங்கண்ணே"ம்பாங்க. செண்டு நாத்துக்கு? புழு வர்றதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே, தக்காளி விதைக்கிறதுக்கும் 15 நாள் முன்னாடி, கைக்காசு போட்டு விதைக்கணும். கிணத்துல தண்ணி நிக்குமா, மழை வருமான்னு பார்த்து, "சரி, தக்காளியே போட்டுருவோம்"னு முடிவு பண்ணி, அடுத்த வாரம் நர்சரியில நாத்து வாங்கி நடுற மனுஷன் அந்த 15 நாளுக்கு எங்க போவான்?

மருந்தைத் தடை பண்ணினா சரியாயிடும்னு சொல்றவங்களும் உண்டு. மோனோகுரோட்டோபாஸை காய்கறிக்கு அடிக்கக் கூடாதுன்னு 2005லயே மத்திய அரசு தடை போட்டுச்சு. நல்ல தடைதான். ஆனா தடை ஒரு டப்பாவை எடுக்கும், அந்த இடத்துல வேற டப்பா வரும். டப்பாவுக்குப் பதிலா வேற ஒண்ணு விவசாயி கைக்கு வந்தாத்தான் டைரியில வரி குறையும்.

அதனால என் கருத்து இதுதான். அந்த 15 நாளை விவசாயி தலையில கட்டாதீங்க, நர்சரி தலையில கட்டுங்க. தக்காளி நாத்து வாங்க வர்ற அன்னிக்கு 40 நாள் செண்டு நாத்து பக்கத்துலயே தயாரா இருக்கணும். ஒரு ஏக்கர் தக்காளின்னா கூடவே 9 தட்டு செண்டு, ஒரே பில். நம்ம மாவட்டத்துல ரெட்டியார்சத்திரத்துல இந்திய - இஸ்ரேல் கூட்டுத் திட்டத்துல காய்கறி மகத்துவ மையம் இருக்கு, குழித்தட்டு நாத்து போடுறதுல பேர் போன இடம். தோட்டக்கலைத் துறையும் மானியத்துல காய்கறி நாத்து குடுக்குது. அந்த மானிய நாத்தை ஜோடியாவே குடுக்கணும்னு ஒரு விதி போட்டா என்ன? தனியார் நர்சரிக்காரங்களுக்கும் இது நஷ்டம் இல்ல, கூட 9 தட்டு விக்கும். கொஞ்ச நாள் தட்டுல கூடுதலா நிக்கிற செலவை விலையில சேர்த்துக்கட்டும். மருந்துச் செலவுக்கு முன்னாடி அது பெரிய காசு இல்ல.

இதைப் பெரியப்பாகிட்ட போன வாரம் சொன்னேன். கணக்கை எல்லாம் பேப்பர்ல போட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஆறு வரிசைதானடா?"ன்னார்.

"ஆறு வரிசைதான் பெரியப்பா. ஆனா விதையை இப்பவே போடணும்."

"இப்ப தக்காளி போடுறதா இல்லையான்னே நான் முடிவு பண்ணலையே."

இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. அவர் சொல்றது சரிதான். கடைசியில ஒரு வழி பண்ணினோம். செண்டு விதையை நானே வாங்கி, வீட்டுக்குப் பின்னாடி 9 தட்டுல போட்டுட்டேன். தக்காளி போட்டா தோட்டத்துக்குப் போகும், போடலைன்னா பூவாவே போகட்டும்னு சொல்லிட்டார். இப்ப தண்ணி ஊத்துறது அப்பத்தா பொறுப்பு.

எங்க வீட்டுல நான் இருந்தேன், 15 நாளை வாங்கிட்டோம். எல்லா வீட்டுலயும் வேலையில்லாம லீவுல உக்காந்திருக்கிற பி.காம் பையன் இருக்க மாட்டான் :) அதுக்குத்தான் நர்சரின்னு சொல்றேன்.

உங்க ஊர்ல யாராவது வயசுக் கணக்கு பார்த்து செண்டு வெச்சிருக்காங்களா? காய்ப்புழு கொறைஞ்சுச்சா, கொறையலையா? கொறையலைன்னாலும் சொல்லுங்க, அதுவும் கணக்குல சேரணும்.